இனாம் இடத்தின் விலை

காரியாலயத்திற்கு மோட்டாரில் வருபவர் காலையில் வண்டியை நிறுத்திவிட்டு, மாலையில் எடுத்துச் செல்லுகிறார். அந்த இடத்திற்கு அவர் காசு கொடுப்பதில்லை. ஆகவே அதை இனாம் என்று நினைக்கிறார். ஆனால் நிலத்தை வாங்கித் தளம் போட்டுக் காவல் வைத்த செலவு ஸ்தாபனத்தின் கணக்கில் ஏறியே தீரும். அதே ஸ்தாபனத்தில் உழைத்து, பஸ்ஸிலும் கால்நடையாகவும் வரும் குமாஸ்தாவுக்கோ இச்சலுகையில் காலணாவும் கிடைப்பதில்லை. வண்டியுள்ளவனுக்கு மானியம், இல்லாதவனுக்குப் புகை! இது நியாயமா என்று கேட்கிறோம்.

இங்கிலாந்திலுள்ள நாட்டிங்ஹாம் நகரசபை இக்கேள்விக்குச் செய்கையால் விடை கூறியது. 2000-ஆம் வருஷத்துப் போக்குவரத்துச் சட்டம் அளித்த அதிகாரத்தைக் கொண்டு, 2012 ஏப்ரல் முதல் வேலைத்தலங்களில் வண்டி நிறுத்தும் இடங்களுக்கு அது வரி விதித்தது. பிரிட்டனில் இத்தகைய வரி இதுவே முதலாவது. ஊழியர் வண்டிகளுக்கென 11 இடங்களோ அதற்கு மேலோ வைத்திருக்கும் முதலாளி, முதல் வருஷத்தில் இடமொன்றுக்கு 288 பவுன் செலுத்த வேண்டியதாயிற்று. 10 இடங்களுக்கு மேற்படாத சிறு ஸ்தாபனங்களுக்குச் சுமை இல்லை. அங்கவீனர்களுக்கென ஒதுக்கிய இடங்களுக்கும் விலக்கு உண்டு.

தொழில்கள் ஊரைவிட்டு ஓடிவிடும் என்று அன்று கூக்குரல் எழுந்தது. நகரசபை அஞ்சிப் பின்வாங்கவில்லை. வரிப்பணத்தைப் போக்குவரத்துக்கே செலவிட வேண்டுமென்பது சட்டம். அப்பணத்தின் துணையால் டிராம் பாதை நீண்டது. 2015 ஆகஸ்டில் கிளிப்டனுக்கும், பீஸ்டன் வழியாகச் சில்வெல்லுக்கும் டிராம் ஓடத் தொடங்கியது. பெரிய ஆஸ்பத்திரியையும் சர்வகலாசாலையையும் அது தொட்டுச் செல்லுகிறது. வண்டியை வீட்டில் வைத்துவிட்டு வா என்று சொன்ன நகரசபை, வருவதற்கு வழியையும் காட்டியது. வரியை நாம் ஆதரிப்பதற்குக் காரணம் இதுவே.

வரியின்றியும் இந்நியாயத்தை நடத்தலாம். அமெரிக்காவின் காலிபோர்னியா ராஜ்யத்தில் 1992-இல் ஒரு சட்டம் பிறந்தது. ஊழியர் வண்டிக்கு வாடகை இடம் பிடித்துக் கொடுக்கும் பெரிய முதலாளி, அவ்விடம் வேண்டாமென்பவருக்கு அதன் மதிப்பைப் பணமாகக் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். அவ்வாறு கொடுத்த எட்டு ஸ்தாபனங்களைக் காலஞ்சென்ற பேராசிரியர் டொனால்டு ஷூப் ஆராய்ந்து 1997-இல் முடிவை வெளியிட்டார். வண்டியில் தனித்து வந்தவர்கள் 100-க்கு 76 பேரிலிருந்து 63 பேராகக் குறைந்திருந்தார்கள். எவரையும் எவரும் தடுக்கவில்லை. இடத்தின் விலையைக் கண்ணெதிரே வைத்ததும், மனிதர்கள் தாமே கணக்குப் போட்டுக்கொண்டார்கள்.

எனினும் ஓர் எச்சரிக்கை அவசியம். நாட்டிங்ஹாம் வரியை முதலாளி தாமே ஏற்கலாம். ஊழியரிடம் வசூலிக்கவும் சட்டம் இடந்தருகிறது. டிராமும் பஸ்ஸும் ஓயும் நடுநிசியில் வேலை முடிந்து செல்லும் தாதிக்கும், பத்து மணிக்கு வரும் மானேஜருக்கும் ஒரே கட்டணம் என்றால், அநீதி இடம் மாறியதேயன்றி ஒழிந்ததாகாது. மாற்று வழியற்றவருக்கு முதலில் விலக்கு அளிக்க வேண்டும். வாசலருகே மேலதிகாரியின் பெயர் எழுதிய இடத்திற்கு முதலில் விலை வைக்க வேண்டும். ஊழியர் சங்கத்தைக் கலந்த பிறகே கட்டணத்தை நிர்ணயிக்க வேண்டும்.

புகை குறைய வேண்டும், தெரு நெரிசல் தணிய வேண்டும் என்று பிரசங்கம் செய்வோர் பலர். தங்கள் காரியாலய வாசலில் அதைத் தொடங்குவோர் சிலரே. நகரத்தின் நிலம் வண்டியுள்ளவருக்கு மட்டும் சொந்தமல்ல. நடந்து வருபவனுக்கும் அதில் பங்குண்டு. அப்பங்கைக் கேட்பது பிச்சையல்ல, உரிமை.