விலையை மறந்துவிட்டு வரிசைப்படுத்தினால்: போர்ஷே 911, 997 தலைமுறை

2009 செப்டம்பரில் பிராங்க்பர்ட் மோட்டார் கண்காட்சியில் போர்ஷே ஒரு சாம்பல்நிற 911ஐக் கொண்டுவந்து நிறுத்தியது. பின்பக்கம் 1973ஆம் ஆண்டு கரேரா ஆர்எஸ் 2.7இல் இருந்ததைப் போன்ற வாத்துவால் ஸ்பாய்லர், கூரையில் இரட்டை மேடு, பழைய ஃபூக்ஸ் சக்கரங்களை நினைவூட்டும் வீல்கள். பெயர் ஸ்போர்ட் கிளாசிக். மொத்தமே 250 கார்கள்; ஜெர்மனியில் வரியோடு விலை இரண்டு லட்சம் யூரோவைத் தாண்டியது. ஓராண்டு கழித்து, பாரீஸ் கண்காட்சியில் இன்னொரு 911 வந்தது. அதே 408 குதிரைத்திறன் கொண்ட 3.8 லிட்டர் என்ஜின், அதே அகலமான உடல், அதே பின்சக்கர இயக்கம். இதன் பெயர் கரேரா ஜிடிஎஸ். விலை ஏறக்குறைய 1,05,000 யூரோ. எண்ணிக்கைக்கு வரம்பில்லை.

997 தலைமுறையின் சிறந்த மாடல்கள் என்று பட்டியல் போடுகிறவர்கள் பெரும்பாலும் ஸ்போர்ட் கிளாசிக்கை மேலே ஏற்றுகிறார்கள். ஜிடிஎஸ் பல படி கீழே நிற்கிறது. ஏன் என்று கேட்டால் எத்தனை கார்கள் செய்யப்பட்டன, கடைசி ஏலத்தில் என்ன விலைக்குப் போயின என்ற கணக்கைக் காட்டுகிறார்கள். காரை முதலீடாக வாங்கி வைக்கிறவருக்கு அந்த வரிசை பொருந்தும். ஸ்டீயரிங்கைப் பிடிக்கிறவருக்குப் பொருந்தாது.

எடுத்துக்கொள்ள வேண்டிய அளவுகோல் எளியது. இந்த மாடல் தன் உடன்பிறப்புகளில் இல்லாத எதைத் தருகிறது? அதைச் சாலையில் எவ்வளவு நேரம் அனுபவிக்க முடியும்? இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் வரிசையின் தலையும் காலும் இடம் மாறிவிடுகின்றன.

முதலில் அந்தத் தலைமுறையைப் பற்றிக் கொஞ்சம். 997 வெளிவந்தது 2004இல். அதற்கு முந்தைய 996, தண்ணீரால் குளிரூட்டப்பட்ட என்ஜின் கொண்ட முதல் 911. அதன் ஹெட்லைட்டைப் பொரித்த முட்டை என்று ரசிகர்கள் கேலி செய்தார்கள். 997இல் வட்ட விளக்குகள் திரும்பின, கோபமும் தணிந்தது. ஆரம்பத்தில் இரண்டே மாடல்கள்: 325 குதிரைத்திறனோடு 3.6 லிட்டர் கரேரா, 355 குதிரைத்திறனோடு 3.8 லிட்டர் கரேரா எஸ். 2012இல் உற்பத்தி முடிந்தபோது மாடல்களின் எண்ணிக்கை இருபதைத் தாண்டியிருந்தது. கார்களின் எண்ணிக்கை இரண்டு லட்சத்துக்கும் மேல்.

அடுத்து வந்த 991இல் ஹைட்ராலிக் ஸ்டீயரிங் போய் மின்சார ஸ்டீயரிங் வந்தது. இரு சக்கர அச்சுகளுக்கு இடையிலான நீளம் 10 சென்டிமீட்டர் கூடியது. ஆக, சாலையின் சொரசொரப்பை விரல்நுனிக்குக் கொண்டுவரும் பழைய ஸ்டீயரிங்கும், குறுகிய தெருவில் நெளிந்து போகும் கச்சிதமான உடலும், நவீன காருக்குரிய நம்பகத்தன்மையும் ஒரே இடத்தில் கூடிய கடைசி 911 இதுதான். பதினைந்து, இருபது ஆண்டுகள் கழிந்தும் இதைப் பற்றி இவ்வளவு சண்டை நடப்பதற்கு அதுவே காரணம்.

முதலிடம் யாருக்கு? 2009இல் வந்த 3.8 லிட்டர் ஜிடி3க்கு. ஆர்எஸ் என்ற ஒட்டு இல்லாத, வெறும் ஜிடி3.

இந்தக் காரின் உயிர் அதன் என்ஜின். ரசிகர்கள் அதை மெட்ஸ்கர் என்ஜின் என்கிறார்கள். ஹான்ஸ் மெட்ஸ்கர் 2020இல் தம் 90ஆம் வயதில் காலமான போர்ஷே பொறியாளர். 1970, 1971ஆம் ஆண்டுகளில் லே மான்ஸ் வென்ற 917இன் பன்னிரண்டு சிலிண்டர் என்ஜினும், 1984 முதல் 1986 வரை மெக்லாரன் அணிக்கு ஃபார்முலா ஒன் பட்டங்களைக் கொடுத்த டாக் டர்போ என்ஜினும் அவர் வழிவந்தவை. சாதாரண கரேராவின் என்ஜினும் ஜிடி3இன் என்ஜினும் பார்வைக்கு அண்ணன் தம்பி. உள்ளே வேறு வம்சம். ஜிடி3இன் என்ஜின் உறை, காற்றால் குளிரூட்டப்பட்ட பழைய 911இலிருந்து 1998இல் லே மான்ஸ் வென்ற ஜிடி1 வழியாக இறங்கி வந்தது. எண்ணெய்க்குத் தனித் தொட்டி உண்டு. எனவே வளைவில் எவ்வளவு வேகமாகத் திரும்பினாலும் என்ஜினுக்கு எண்ணெய் வறண்டுபோவதில்லை. 435 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 8,500 சுற்று வரை.

குறையும் உண்டு, மறைக்கத் தேவையில்லை. இந்த வம்சத்து என்ஜின்களில் குளிர்நீர்க் குழாய்களின் இணைப்புகள் பசையால் ஒட்டப்பட்டவை. வயதாக ஆகச் சில கார்களில் அவை பிடி விட்டுக் குளிர்நீர் கொட்டிவிடும். விவரம் தெரிந்த மெக்கானிக்குகள் அவற்றை வெல்டிங் செய்து கொடுக்கிறார்கள். வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

அப்படியிருந்தும் முதலிடம் ஏன்? இந்தக் காரை ரேஸ் டிராக்குக்கு ஓட்டிப்போய், அங்கே ஓட்டி, அதிலேயே வீடு திரும்பலாம். வேகத்தடை வந்தால் ஒரு பொத்தானை அழுத்தி மூக்கை 3 சென்டிமீட்டர் உயர்த்திக்கொள்ளும் வசதி, தேவைக்கேற்ப இறுகித் தளரும் என்ஜின் மவுன்ட் இரண்டையும் கூடுதல் காசுக்குப் பெற முடிந்தது. கியர் பெட்டி மேனுவல் மட்டுமே. நூர்பர்க்ரிங்கின் இருபது கிலோமீட்டர் சுற்றை 7 நிமிடம் 40 விநாடியில் முடித்தது. அடுத்த தலைமுறை ஜிடி3 2013இல் வந்தபோது போர்ஷே மேனுவல் கியரை எடுத்துவிட்டு, பிடிகே எனும் இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்கை மட்டும் கொடுத்தது. மெட்ஸ்கர் என்ஜினும் போயிற்று. 2014இல் சில கார்கள் தீப்பிடிக்க, அதுவரை கொடுத்திருந்த 785 கார்களுக்கும் போர்ஷே புது என்ஜின் மாற்ற வேண்டியதாயிற்று. கனெக்டிங் ராடின் போல்ட் தளர்ந்தது காரணம். ரசிகர்களின் முணுமுணுப்பு ஓயவில்லை. 2016இல் 991 கார்கள் மட்டுமே கொண்ட 911 ஆர் மேனுவலோடு வந்து விலை எகிறியது. 2017இல் ஜிடி3க்கே மேனுவல் திரும்பியது. 2009இன் ஜிடி3 எதைச் சரியாகச் செய்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

(தமிழ்ப் பத்திரிகைகளில் ஜிடி3 என்ற பெயர் சினிமாப் பக்கத்துக்கும் வந்தது 2025 ஜனவரியில். துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்கு முந்தைய பயிற்சியில் அஜித் குமார் ஓட்டி விபத்துக்குள்ளானது 911 ஜிடி3 கப். சாலை ஜிடி3க்கும் அதற்கும் உறவு நெருக்கம்.)

இரண்டாமிடம் ஜிடி3 ஆர்எஸ் 4.0. பட்டியல் போடுகிறவர்களில் பெரும்பாலோர் இதைத்தான் முதலில் வைப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 2011இல், 997இன் அந்திமக் காலத்தில், ஆந்திரேயாஸ் ப்ரொய்னிங்கர் தலைமையிலான ஜிடி பிரிவு தன் கையிருப்பையெல்லாம் இந்தக் காரில் கொட்டியது. ஆர்எஸ்ஆர் ரேஸ் காரின் க்ராங்க்ஷாஃப்ட்டைப் போட்டு பிஸ்டனின் ஓட்டத்தை 76.4 மில்லிமீட்டரிலிருந்து 80.4 ஆக்கினார்கள். டைட்டானியம் கனெக்டிங் ராடுகள். டர்போ இல்லாமல், 4 லிட்டரில் சரியாக 500 குதிரைத்திறன். எடை 1,360 கிலோ. நூர்பர்க்ரிங்கில் 7 நிமிடம் 27 விநாடி. 600 கார்கள்.

ஸ்போர்ட் கிளாசிக்கைப் போல வெறும் எண்ணிக்கையால் பெருமை பெற்ற கார் அல்ல இது. இதற்கென்றே ஒரு என்ஜின் இருக்கிறது. ஆனாலும் 13 விநாடி வித்தியாசத்துக்காகச் சாலையில் சுகத்தை நிறையவே விட்டுக்கொடுக்க வேண்டும். விலை பல மடங்கு ஏறிவிட்டதால் பல கார்கள் குளிரூட்டிய அறையில் போர்வைக்குள் கிடக்கின்றன. அது காரின் குற்றமில்லை. முதலிடத்தைப் பறித்தது சாலைச் சுகம்தான், போர்வை அல்ல.

4.0க்கு முந்தைய 450 குதிரைத்திறன் ஆர்எஸ் பற்றி ஒரு கதை உண்டு. 2010 நூர்பர்க்ரிங் 24 மணி நேரப் பந்தயத்துக்கு ஸ்டுட்கார்ட் நம்பர் பிளேட் மாட்டிய ஒரு ஆர்எஸ், போர்ஷேயின் வைசாக் மையத்திலிருந்து சாலைவழியே ஓட்டிக்கொண்டு வரப்பட்டது. ஏறக்குறைய 200 கார்கள் ஓடிய அந்தப் பந்தயத்தில் அது 13ஆவதாக வந்தது. அதே பந்தயத்தில் போர்ஷே பெருமையோடு இறக்கிய ஜிடி3 ஆர் ஹைப்ரிட் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்து, முடிய இரண்டு மணி நேரம்கூட இல்லாத நிலையில் என்ஜின் பழுதாகி நின்றது. பந்தயத்தில் தேறிய அந்த ஆர்எஸ் ஏன் இந்த வரிசையில் தனி இடம் பெறவில்லை? மேலே ஜிடி3 சாலைக்கும், 4.0 டிராக்குக்கும் நிற்க, நடுவில் அதற்கு வேலை கொஞ்சம்தான். ஆர்எஸ் ரசிகர்கள் சண்டைக்கு வரலாம், வரட்டும்.

மூன்றாமிடத்தில் கரேரா ஜிடிஎஸ். இது புது என்ஜின் குடும்பத்தைச் சேர்ந்தது. 2008இல் 997 புதுப்பிக்கப்பட்டபோது எரிபொருளை நேரே சிலிண்டருக்குள் தெளிக்கும் என்ஜின் வந்தது. முந்தைய கரேரா என்ஜின்களில் ஓர் இடைத்தண்டு உண்டு. அதன் பேரிங் சில கார்களில் சிதைந்து என்ஜினையே கொண்டுபோய்விடும். முந்தைய 3.8இல் சிலிண்டர் சுவரில் கீறல் விழும் தொல்லை வேறு. புது என்ஜினில் அந்த இடைத்தண்டே கிடையாது. பயப்பட ஒன்று குறைந்தது. அந்த நிம்மதியோடு 408 குதிரைத்திறன், நான்கு சக்கர இயக்க மாடல்களின் 44 மில்லிமீட்டர் அகலக் கூடுதல், பின்சக்கர இயக்கத்தின் விளையாட்டு. தினமும் அலுவலகத்துக்கு எடுத்துப் போகக்கூடிய 997களில் இதைவிட நல்லது இல்லை.

நான்காவது, 2006இன் டர்போ. 480 குதிரைத்திறன், நான்கு சக்கர இயக்கம், மணிக்கு 310 கிலோமீட்டர். இதிலும் மெட்ஸ்கர் வம்சத்து என்ஜின்தான். டர்போவின் உள்ளே இறக்கைகள் என்ஜினின் வேகத்துக்கேற்பத் திரும்பிக்கொள்ளும் அமைப்பு அதுவரை பெரும்பாலும் டீசல் கார்களில் மட்டும் இருந்தது. பெட்ரோல் என்ஜினின் புகை 1,000 டிகிரி வரை சூடேறும் என்பதால் அந்த மெல்லிய இறக்கைகள் தாங்காது. விண்வெளித்துறை சார்ந்த உலோகக் கலவைகளைக் கொண்டு போர்ஷே அதைச் சமாளித்தது. ஒரு வேடிக்கை: மேனுவல் டர்போ 100ஐத் தொட 3.9 விநாடி எடுக்க, ஆட்டோமேட்டிக்கான டிப்ட்ரானிக் 3.7 விநாடியில் தொட்டது. கடிகாரம் வைத்திருப்பவருக்கு ஆட்டோமேட்டிக், மற்றவர்களுக்கு மேனுவல்.

ஜிடி2 ஆர்எஸ் ஐந்தாவது. 620 குதிரைத்திறன், 1,370 கிலோ, பின்சக்கர இயக்கம், மேனுவல் கியர். நூர்பர்க்ரிங்கில் 7 நிமிடம் 18 விநாடி. இவ்வளவு சக்தியை 500 பேருக்கு விற்ற துணிச்சலைப் பாராட்டலாம். ஆனால் ஈரச் சாலையில் அந்தச் சக்தியில் பாதியைக்கூடப் பயன்படுத்த முடியாது. அளவுகோலின் இரண்டாம் கேள்வியில் தோற்றுவிடுகிறது.

டார்கா, கேப்ரியோலே, கரேரா 4 ஆகியவை நல்ல கார்கள். ஆனால் வேறு வேலைக்கானவை.

கடைசியில் ஸ்போர்ட் கிளாசிக்கும் ஸ்பீட்ஸ்டரும். ஸ்பீட்ஸ்டர் 2010இல் வந்தது. போர்ஷேயின் முதல் காரான 356இன் பெயரையொட்டி 356 கார்கள். விலை இதற்கும் இரண்டு லட்சம் யூரோ. இதிலும் அதே 408 குதிரைத்திறன் என்ஜின். செராமிக் பிரேக், கைவேலைத் தோல் என்று ஸ்போர்ட் கிளாசிக் தரும் கூடுதல்கள் உண்மைதான். அவற்றின் மதிப்பு ஒரு லட்சம் யூரோவா என்பதை வாங்கியவர்களே அறிவார்கள்.

இரண்டுக்கும் மேலே, ஆறாவதாக, யாரும் கவனிக்காத ஒரு கார் உண்டு. 2008க்குப் பின் வந்த 3.6 லிட்டர் கரேரா: 345 குதிரைத்திறன், குறுகிய உடல், கூடுதல் எதுவும் இல்லை. நம் அளவுகோலின் முதல் கேள்விக்கு அதனிடம் அதிகம் பதில் இல்லாவிட்டாலும், இரண்டாவதில் நிறைய மதிப்பெண். வாங்க நினைப்பவர் மேனுவலைத் தேடலாம். பிடிகேதான் வேண்டும் என்றால் ஸ்டீயரிங்கைக் கவனிக்க வேண்டும். போர்ஷே முதலில் கொடுத்த வழக்கமான ஸ்டீயரிங்கில் இரு பக்கமும் ஒரே மாதிரி பொத்தான்கள். தள்ளினால் கியர் ஏறும், இழுத்தால் இறங்கும், எந்தக் கையால் செய்தாலும் சரி. பழகுவதற்குள் தப்பான கியர் பலமுறை விழும். வலது கைக்கு ஏற்றம், இடது கைக்கு இறக்கம் என்று பிரித்த துடுப்புகள் பின்னால் கூடுதல் விலைக்கு வந்தன. அவை உள்ள காரையே பார்க்க வேண்டும்.