இரசிகன் கேட்டது குற்றமா?

வயது வந்தவர்கள் ஒரு கேளிக்கைப் பூங்காவின் அமைப்பைக் குறித்து ஆண்டுக்கணக்கில் வழக்காடுவது வேலையற்றோர் வேலை என்று ஆசிரிய நண்பர் ஒருவர் அண்மையில் நகைத்தார். அவர் நகைத்தது 'ஸ்டார் வார்ஸ்' படங்களின் இரசிகர்களைப் பார்த்து. அந்த நகைப்பில் எனக்கு உடன்பாடில்லை. அவ்விரசிகர்கள் எழுப்பிய வினா, கதை சொல்வோர்க்கும் கற்பிப்போர்க்கும் பொதுவான அடிப்படை வினா. அவ்வினாவில் இரசிகர் பக்கமே நியாயம் இருந்தது என்பதும், அவர்களை எள்ளியவர்களே பிழை செய்தார்கள் என்பதும் என் துணிபு.

செய்தியை முதலில் கூறுவோம். 1977ஆம் ஆண்டில் ஜார்ஜ் லூகாஸ் 'ஸ்டார் வார்ஸ்' படத்தை வெளியிட்டார். 1980, 1983 ஆகிய ஆண்டுகளில் வந்த இரு படங்களும் அக்கதையை நிறைவு செய்தன. பின்னர் 1999 முதல் 2005 வரை இன்னும் மூன்று படங்கள் வந்தன. 2012இல் டிஸ்னி நிறுவனம் லூகாசின் பட நிறுவனத்தை ஏறத்தாழ 400 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. கலிபோர்னியாவிலும் புளோரிடாவிலும் உள்ள தன் பூங்காக்களில் தலா 14 ஏக்கர் பரப்பில் இக்கதையுலகைக் கட்டியெழுப்பப் போவதாக 2015 ஆகஸ்டில் அது அறிவித்தது. 'கேலக்சிஸ் எட்ஜ்' என்னும் பெயரோடு கலிபோர்னியாப் பகுதி 2019 மே 31ஆம் நாளும், புளோரிடாப் பகுதி ஆகஸ்டு 29ஆம் நாளும் திறக்கப்பட்டன.

அறிவிப்பைக் கேட்ட இரசிகர்கள் எதை எதிர்பார்த்தார்கள்? இரு கதிரவன்கள் மறையும் டாட்டூயின் பாலைவனத்தையும், அங்குள்ள துறைமுக நகரின் மதுக்கடையையும், ஹோத்தின் பனிவெளியையும், எண்டோரின் காட்டையும் எதிர்பார்த்தார்கள். கிடைத்ததோ, எந்தத் திரைப்படத்திலும் அதுவரை தோன்றாத 'பட்டூ' என்னும் புதுக்கோள். அங்கே நடைபெறும் காலம், 2017இலும் 2019இலும் வெளிவந்த இரு படங்களுக்கு இடைப்பட்ட காலம். கதையின்படி அக்காலத்தில் டார்த் வேடரும் ஹான் சோலோவும் லூக் ஸ்கைவாக்கரும் உயிரோடு இல்லை. ஆகவே அவர்களுக்கு அங்கே இடமில்லை என்று விதிக்கப்பட்டது. படங்களில் கேட்டுப் பழகிய ஜான் வில்லியம்ஸின் இசையும் அதன் தெருக்களில் ஒலிக்கவில்லை.

இங்கேதான் வழக்குத் தொடங்கியது. 'எங்கள் நெஞ்சில் நாற்பதாண்டு வாழ்ந்த இடங்கள் எங்கே?' என்று ஒரு சாரார் கேட்டனர். 'பழையதையே எத்தனை நாள் சுவைப்பது? புதியதை வரவேற்கப் பழகுங்கள்' என்று மறு சாரார் விடையிறுத்தனர். முன்னவர்களுக்குப் பழமைப் பித்தர் என்ற பட்டமும் கிடைத்தது.

வடிவமைப்பாளர்களின் வாதத்தை மறைத்துவிட்டு வழக்காடுவது நேர்மையன்று. அவர்கள் சொன்ன காரணங்கள் இரண்டு. டாட்டூயினை அமைத்தால் அங்கு நடந்ததெல்லாம் எல்லாரும் அறிந்த கதை. அக்கதையில் வருகையாளனுக்கு இடமில்லை. அவன் வெறும் பார்வையாளனாகவே நிற்பான். புதுக்கோளிலோ அவனே தன் கதைக்குத் தலைவன் ஆகலாம். இது முதற் காரணம். தாத்தாவுக்கு 1977ஆம் ஆண்டுப் படம் உயிர். தந்தைக்கு 1999ஆம் ஆண்டுப் படம். பேரனுக்கு 2015ஆம் ஆண்டுப் படம். எந்த ஒரு காலத்தின் இடத்தைத் தேர்ந்தாலும் மற்றவர்கள் விலக்கப்படுவர். புதிய இடமோ அனைவர்க்கும் பொது. இஃது இரண்டாவது காரணம்.

அவர்கள் சோம்பியிருந்து செய்த வேலையும் அன்று அது. இஸ்தான்புல்லின் கடைத்தெருக்களையும் மொரோக்கோவின் சந்தைகளையும் நேரிற் சென்று கண்டு, ஒளியும் நிழலும் விழும் வகையை ஆராய்ந்து, பட்டூவின் சந்தையை அமைத்தார்கள். கல்லாகிப்போன பெருமரங்களை மாதிரியாகக் கொண்டு அதன் கூர்முடிகளை எழுப்பினார்கள். அங்குள்ள பணியாளர் வணக்கம் கூறுவதற்குக்கூடத் தனிச்சொல் வகுத்தார்கள். கைவினையில் குறைகாண எவராலும் இயலாது.

ஆயினும் குறை இருந்தது. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் முதலாண்டிலேயே எங்களுக்குப் புகட்டப்பட்ட கற்பித்தல் விதி ஒன்று உண்டு: 'தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க.' பின்னத்தைக் கற்பிக்க வேண்டுமாயின் மாணவன் அறிந்த பழத்தையோ பலகாரத்தையோ பகுத்துக் காட்டித் தொடங்குகிறோம். அறிந்த பொருள் ஊன்றுகோலாக நிற்க, அறியாத பொருளை நோக்கி அவன் மனம் அடியெடுத்து வைக்கிறது. ஊன்றுகோலைப் பிடுங்கிக்கொண்டு 'நட' என்று சொல்பவன் நல்லாசிரியன் ஆகான். பட்டூவை அமைத்தோர் செய்தது அதுவே. இடம் புதிது, பெயர் புதிது, வாழும் மாந்தர் பெரும்பாலும் புதியர், காதில் விழும் ஒலியும் புதிது. இத்தனை புதுமைக்கு நடுவே நின்றவனிடம், 'இது நீ விரும்பிய கதையுலகம். இதில் நீயே தலைவன்' என்றார்கள். அவன் எதைப் பற்றிக்கொண்டு தலைவனாவது?

என் கூற்றுக்குச் சான்று வேண்டுமெனின், தொலைவில் தேட வேண்டுவதில்லை. அப்பூங்காப் பகுதிக்குள்ளேயே இருக்கிறது. ஹான் சோலோவின் 'மில்லேனியம் ஃபால்கன்' என்னும் விண்கலம் அங்கே நூறு அடிக்கு மேற்பட்ட நீளத்தில் முழு அளவில் நிற்கிறது. இளமையில் அதைத் திரையில் கண்டவர்கள் அதன்முன் கண்ணீர் மல்க நின்றார்கள். கூர்முடிப் பாறைகளின்முன் கண்ணீர் சிந்தியவர் உண்டா? அக்கலத்திற்குள் அறுவர் அமர்கின்றனர். இருவர் ஓட்டுநர், இருவர் சுடுநர், இருவர் பொறியாளர். ஒவ்வொருவர்க்கும் ஒரு பணி. பணியைப் பிழைபடச் செய்தால் கலம் மோதுண்டு சேதமுறும். வருகையாளனைக் கதைக்குள் ஈர்க்க வேண்டும் என்ற வடிவமைப்பாளரின் கனவு இங்கே நனவாகிறது. ஏன்? கலம் அவன் அறிந்தது. பணி அவன் அறியாதது. விதி முறைப்படி நின்றது, பயனும் விளைந்தது. பதினான்கு ஏக்கர் பரப்பையும் இவ்வாறே அமைத்திருக்கலாகாதா என்றுதான் இரசிகன் கேட்டான்.

அறிந்த இடத்தில் வருகையாளனுக்கு வேலையில்லை என்னும் வாதத்தையும் பார்ப்போம். 2010 ஜூன் 18ஆம் நாள் புளோரிடாவின் யுனிவர்சல் பூங்காவில் ஹாரி பாட்டர் கதையின் சிற்றூரும் பள்ளிக்கோட்டையும் திறக்கப்பட்டன. 2014 ஜூலையில் அக்கதையின் கடைத்தெருவும் திறக்கப்பட்டது. திரைப்படங்களுக்குக் கலை வடிவம் தந்த ஸ்டூவர்ட் கிரேக் அவர்களே இவ்வமைப்பிலும் பங்குகொண்டார். நூலில் படித்து, படத்தில் பார்த்த அதே தெரு, அதே கடை, அதே பானம். அங்கு வருவோரை எவரும் ஹாரி பாட்டர் ஆகச் சொல்லவில்லை. ஆயினும் பிள்ளைகள் ஒரு மந்திரக்கோலை வாங்கிக்கொண்டு, அத்தெருவின் குடிமக்களாகவே உலவுகிறார்கள். கதைத்தலைவன் ஆகவேண்டும் என்பதைவிடக் கதையின் ஊரில் ஒருநாள் வாழவேண்டும் என்பதே படித்தவனின் ஆசை. இதனை அறியாமல், அவன் கேளாத தலைமைப் பதவியைக் கொடுத்து, கேட்ட ஊரை மறுத்தது என்ன நியாயம்?

உடனே எதிர்வாதி, 2017 மே 27இல் புளோரிடாவில் திறக்கப்பட்ட 'பண்டோரா'வைச் சுட்டுவார். 'அவதார்' படத்தின் நாயகனும் நாயகியும் அங்கே உலவுவதில்லை. படம் முடிந்து நெடுங்காலத்திற்குப் பின் நடப்பதாகவே அவ்விடம் அமைந்துள்ளது. எனினும் மக்கள் அதை விரும்பி ஏற்றார்களே என்பார். உண்மைதான். ஆனால் அப்படத்தைப் பார்த்தவர் நெஞ்சில் நின்றது எது? மிதக்கும் மலைகளும், இருளில் ஒளிவிடும் செடிகொடிகளும், சிறகு விரித்த பறவையின்மேல் ஏறிப் பறத்தலும் அல்லவா? அவை யாவும் அங்கே உள. மாந்தர் வாராவிட்டாலும் மண் வந்தது. பட்டூ திறந்தபோதோ பழைய மாந்தருள் பெரும்பாலோர் அங்கு இல்லை, பழைய மண்ணும் இல்லை. எனவே பண்டோரா எதிர்வாதிக்குத் துணைபோகும் சான்று அன்று. என் பக்கம் பேசும் சான்று.

இனி, அனைவர்க்கும் பொது என்ற வாதம். மூன்று தலைமுறையினர்க்கும் பொதுவான இடத்தைத் தேடியவர்கள், மூவர்க்கும் அயலான இடத்தைக் கண்டுபிடித்தார்கள். பேரன் தன் படத்தைத் தாத்தாவுக்குக் காட்டவும், தாத்தா தன் படத்தைப் பேரனுக்குக் காட்டவும் வேண்டும். 'இதோ, நான் உன் வயதில் கண்டது' என்று விரல்நீட்டிச் சொல்லும் இன்பமே குடும்பத்தோடு செல்லும் பூங்காவின் உயிர். அவ்விரலுக்குச் சுட்டுவதற்கு ஒரு விண்கலத்தை மட்டும் விட்டுவைத்தது போதுமா?

முதற்கோடையில் அங்குக் கூட்டம் எதிர்பார்த்த அளவு திரளவில்லை. அதற்கு வடிவமைப்பு ஒன்றே காரணம் என்று நான் வாதிடமாட்டேன். நெரிசலுக்கு அஞ்சி ஒதுங்கினோர் உண்டு. பெரிய சவாரி ஒன்று 2019 டிசம்பரில் புளோரிடாவிலும், 2020 ஜனவரியில் கலிபோர்னியாவிலும் தாமதமாகவே திறந்தது. ஆனால் பின்னர் நிருவாகமே செய்தவற்றைப் பாருங்கள். 2022 நவம்பரில், பட்டூவின் காலத்திற்குச் சற்றும் பொருந்தாத 'மண்டலோரியன்' தொடரின் வீரனும் அவனுடைய பச்சைக் குழந்தையும் கலிபோர்னியாவில் உலவவிடப்பட்டார்கள். 2025ஆம் ஆண்டிலோ, 2026 முதல் கலிபோர்னியாப் பகுதியின் காலத்தையே விரித்து, டார்த் வேடரையும் லூக்கையும் ஹானையும் லேயாவையும் கொண்டுவருவதாக அறிவிப்பு வந்தது. பழமைப் பித்தர் என்று எள்ளப்பட்டவர்களின் கோரிக்கை, ஆறாண்டுகள் கழித்து நிருவாகத்தின் அறிவிப்பாயிற்று. அன்றே செவிமடுத்திருந்தால் கால விதியை வகுத்துப் பின் தளர்த்தும் இடர் நேர்ந்திருக்குமா?

இரசிகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அறிந்ததை மட்டுமே கேட்டு, அதன் எல்லையிலேயே நின்றுவிடுவது பாதிப் பாடம். பழைய காட்சியை அப்படியே பெயர்த்து வைத்தால் அது பொருட்காட்சிச்சாலை ஆகுமேயன்றிக் கதையாகாது. விதியில் 'தெரியாததற்கு' என்ற சொல்லும் இருக்கிறது. புதுமை வேண்டும் என்ற வடிவமைப்பாளரின் வேட்கை பழிக்கத்தக்கதன்று. வரிசை மாறியதே பிழை. இப்போது வரும் திருத்தமும் முழுமையானதன்று. அயலூரில் பழைய உறவினரைக் கொண்டுவந்து நிறுத்தினால் மட்டும் அது சொந்த ஊர் ஆகிவிடாது. டாட்டூயினின் மணல் இன்னும் வரவில்லை.

அமெரிக்கப் பூங்காவின் வழக்கு நமக்கு எதற்கு என்று வினவலாம். செந்தோசாத் தீவில் 2010 முதல் திரைப்படப் பூங்கா ஒன்று இயங்குகிறது. 2022 பிப்ரவரியில் கெந்திங் மலையில் இன்னொன்று திறந்தது. நம் பிள்ளைகள் சேமித்த காசோடு பள்ளி விடுமுறையில் ஏறுவது அம்மலைதான். நாளை அங்கே ஒரு பகுதி இடிக்கப்பட்டு வேறொரு கதை எழும்பும்போது, 'எங்களைக் கேட்டீர்களா?' என்று நம் பிள்ளை ஒருவன் வினவுவான். அப்போது அவனைப் பார்த்து நகைக்காதீர்கள். ஒரு கதையை அவன் தன் நெஞ்சில் குடிவைத்திருக்கிறான், அதனால்தான் கேட்கிறான். கதையின் உரிமை விலைகொடுத்து வாங்கியவனுக்குச் சட்டப்படி சேரலாம். அதைப் பேணி வளர்த்தவனுக்குக் கேட்கும் உரிமையேனும் உண்டு. அந்த உரிமையைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளுவோர், தாம் வருந்தி அழைக்கும் விருந்தினரையே வாயிலில் வைத்து வைகின்றனர் என்பதை உணரட்டும்.