பின்னிய நேரத்துக்கு விலை வேண்டும்

கடையில் தொங்கும் வண்ணக் கோடு போட்ட குரோஷா பையை எந்த இயந்திரமும் பின்னவில்லை. பனியன் துணி பின்ன இயந்திரங்கள் உண்டு. ஒற்றைக் கொக்கி ஊசியால் கண்ணி கண்ணியாக எழுப்பும் குரோஷாவை அப்படியே செய்யும் ஆலை இயந்திரம் புழக்கத்தில் இல்லை. பருத்தி நூல் கம்பளி போல இழுபடாது; விரல் சீக்கிரம் வலிக்கும். நிறம் மாறும் இடத்தில், கடைசிக் கண்ணியின் இரு வளையங்கள் ஊசியில் நிற்கும்போதே புது நூலை இழுத்து நுழைக்க வேண்டும். தவறினால் கோடு பிசிறித் தெரியும். பிறகு ஒவ்வொரு நூல் முனையையும் உள்ளே கோத்து மறைக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு பை மலிவாகக் கிடைக்கிறது என்றால், பெரும்பாலும் குறைந்திருப்பது பின்னிய பெண்ணின் கூலிதான்.

வீட்டில் ஓய்வு நேரத்தில் செய்வதுதானே என்பார்கள். ஆந்திரத்தின் நரசாப்பூர் லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி 1982இல் நூல் வெளியிட்ட மரியா மீஸ், அவர்களை இல்லத்தரசிகள் என்று சொல்லியே ஏற்றுமதி உழைப்புக்கு அற்பக் கூலி கொடுக்கப்பட்டதைக் காட்டினார். விலை ஏறினால் யார் வாங்குவார்கள் என்ற கவலை நியாயமானது. ஆனால் பருத்திப் பையை அடிக்கடி வாங்கவே கூடாது. டென்மார்க் அரசின் 2018 ஆய்வுப்படி, அது பிளாஸ்டிக் பைக்கு ஈடாகப் பருவநிலைக் கணக்கில் மட்டும் 52 முறை, எல்லாப் பாதிப்புகளையும் சேர்த்தால் சுமார் 7,100 முறை பயன்பட வேண்டும். பல ஆண்டுகளுக்கு ஒரு பை போதும். அதற்கு முழு விலை கொடுக்கலாம். மகளிர் சுய உதவிக் குழுக்களின் விற்பனை நிலையங்கள் விலை அட்டையிலேயே பின்ன எடுத்த மணி நேரத்தையும் அச்சிடத் தொடங்கட்டும்.