வெளியே வந்துவிட்டதே என்பதற்காகவா?



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின், கணினிப் பொறியியல் படிக்கும் நம் சபை வாலிபர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஐயா, ஒரு விளையாட்டின் மூலநிரலை யாரோ திருடி இணையத்தில் போட்டுவிட்டார். இனி நான் அதை நண்பனுக்கு அனுப்பினால் யாருக்கு என்ன நஷ்டம்?" எட்டாம் கட்டளையைச் சொல்லி அவரை அனுப்பியிருக்கலாம். ஆனால் பறிகொடுத்தவர் கையிலும் பொருள் அப்படியே இருக்கிற திருட்டு இது. அவசரப் பதில் நியாயமாகாது என்று சற்று வாசித்தேன்.

மூலநிரல் என்பது நிரலாளர்கள் எழுதும் கட்டளைத் தொகுப்பு. கடைக்கு வருவதோ கணினி இயக்கத்தக்கதாக மாற்றப்பட்ட வடிவம். பலகாரம் விற்பவர் பக்குவத்தையும் சேர்த்து விற்பதில்லை அல்லவா? நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நிரலையும் இலக்கியப் படைப்பாகவே கொள்கிறது.

அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 'ஹாஃப்-லைஃப் 2' என்ற விளையாட்டை 2003 செப்டம்பர் 30 அன்று வெளியிடுவதாக அறிவித்திருந்தது, வேலை முடியவில்லை. அடுத்த சில நாட்களில், முற்றுப்பெறாத அந்த மூலநிரல் இணையத்தில் பரவிவிட்டது. நிறுவனத்தின் கணினிகளுக்குள் நுழைந்தவர் ஜெர்மானிய இளைஞர் ஒருவர். இரகசியம் காப்பதாகச் சொன்ன இன்னொருவருக்குத் தாம் கொடுத்ததாகவும், அவரிடமிருந்தே அது பரவியதாகவும் பின்னாளில் கூறினார். நிறுவனத் தலைவருக்கு அவரே மின்னஞ்சல் எழுதித் தம் செயலை ஒப்புக்கொண்டார். 2004-இல் கைதானார், நீதிமன்றம் சிறைக்கு அனுப்பாமல் இரண்டாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டது. விளையாட்டு 2004 நவம்பர் 16 அன்றுதான் வெளியாயிற்று.

அவர் குற்றவாளிதான். எனினும் என்னை அதிகம் உறுத்துகிறவர்கள், அதைப் பிரதியெடுத்துக் கைமாற்றிய பேர் தெரியாத அநேகரே. அவர்கள் பூட்டை உடைக்கவில்லை. மன்னிப்புக் கடிதமும் எழுதவில்லை. அரைகுறையாய் நின்ற பிறருடைய உழைப்பை ஊரார் முன் விரிப்பதற்கு, "வெளியே வந்துவிட்டதே" என்ற ஒரு சொல் அவர்களுக்குப் போதுமாயிருந்தது.

மறுபக்கமும் உண்டு. ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 'டூம்' விளையாட்டின் மூலநிரலை 1997 டிசம்பரில் தானே வெளியிட்டது. 1999-இல், எவரும் மாற்றவும் பகிரவும் இடந்தரும் உரிமத்தின்கீழ் அதைத் தந்தது. விளையாட்டின் படங்களையும் ஒலிகளையும் மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டது. இவ்வளவு கொடுப்பேன், இன்ன வேளையில் கொடுப்பேன் என்று சொல்லும் உரிமை உழைத்தவருக்கு உண்டு. பொருள் கைவிட்டுப் போகாதபோதும் திருடப்படுவது அந்த உரிமையே.

கற்கும் ஆசை உண்மையானால் டூமின் நிரலைப் படியுங்கள் என்று அந்த வாலிபருக்குச் சொன்னேன். அவர் நல்லவர், எதிர்க்கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் தலைகுனிந்திருப்பேன். நம் பாடகர் குழுவின் அலமாரியிலுள்ள இசைத்தாள்களில் பாதி, அனுமதியின்றி நகலெடுத்தவை. பதிப்பாளருக்கு இந்த வாரம் கடிதம் எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை அந்தத் தாள்களை எடுக்கவேண்டாமென்று பாடகர் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.