சுருளிலேயே எரியவிடாதீர்கள்

எல்இடி பட்டை விளக்கை இப்போது பலரும் தாங்களே வாங்கி வந்து வீட்டில் மாட்டிவிடுகிறார்கள். வரவேற்க வேண்டியதுதான். ஆனால், 12 வோல்ட்தானே, என்ன ஆகிவிடும் என்று நினைப்பது தவறு.

கணக்கு எளிது. மீட்டருக்கு 60 விளக்குகள் கொண்ட 5050 வகைப் பட்டை, மீட்டருக்குச் சுமார் 14.4 வாட் எடுக்கும். ஐந்து மீட்டருக்கு 72 வாட். அதாவது 12 வோல்ட்டில் 6 ஆம்பியர். பழைய ரவுட்டர் அடாப்டர் இதைத் தாங்காது. 90 வாட்டுக்குக் குறையாத அடாப்டர் வேண்டும். மெல்லிய ஒயரும், முறுக்கி டேப் சுற்றிய இணைப்பும் இந்த மின்னோட்டத்தில் சூடேறும். ஒரு முனையில் மட்டும் மின்சாரம் கொடுத்தால் மறுமுனை மங்கும். இரு முனைகளிலும் கொடுப்பது நல்லது.

அடுத்தது வெப்பம். பட்டையைச் சுருளிலேயே வைத்து எரியவிட்டால் சூடு வெளியேற வழியில்லை. தொட்டால் கை சுடும். தெர்மகோலில் ஒட்டுவதும் ஆபத்தே. அலுமினியச் சட்டத்தில் ஒட்டினால் உலோகம் சூட்டை வாங்கிக் காற்றில் விடும். அடாப்டரைத் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளித்து வைக்கவும் கூடாது.

பட்டையை விற்கும் கடைக்காரர்கள் அலுமினியச் சட்டத்தையும் ஃபியூஸையும் சேர்த்தே எடுத்துக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால், நீங்களே கேட்டு வாங்குங்கள்.