“விஜிஏ போய்ட்டு” என்று சொல்ல முன்னர்

கொஞ்சம் நீளமான பதிவு. பாடசாலைக் கணினி அறைக்குப் பொறுப்பாக இருக்கும் ஆசிரியர்களும் அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போகும் பெற்றோரும் பொறுமையாக வாசித்தால் சந்தோசம்.

எங்கள் கணினி அறையில் நான்கு மெஷின்கள் சில மாதங்களாக விளையாட்டுக் காட்டின. ஒன்றில் திரை திடீரென்று மஞ்சளாகும், எழுத்துகளுக்குப் பின்னால் நிழல் விழும், பிறகு தானாகவே சரியாகும். இன்னொன்றில் பச்சையும் ஊதாவுமாகச் சின்னச் சின்னச் சதுரங்கள் தெறிக்கும். மூன்றாவதில் பிரவுசரை மேலும் கீழும் நகர்த்தும்போது கறுப்புக் கட்டங்கள். நான்காவதில் டெஸ்க்டொப்பில் இருக்கிற ஐகன்கள் கிழிந்து தெரியும். எல்லாமே எப்போதாவதுதான். பிள்ளை ஓடி வந்து “சேர், வந்து பாருங்க” என்று கூட்டிக்கொண்டு போனால், ஒன்றுமே நடக்காதது போல் மெஷின் ஒழுங்காக நிற்கும்.

டவுனில் இருந்து திருத்துபவர் ஒருவரை அழைத்தோம். நான்கையும் எழுந்து நின்றபடியே பார்த்தார். நான்குக்கும் ஒரே பதில்: “விஜிஏ போய்ட்டு சேர்.” ஒன்றைக் கடைக்குக் கொண்டுபோய் ஃபோர்மட் பண்ணிக் கொண்டுவந்தார். பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள் ஒரு தவணை முழுக்கச் செய்து வைத்திருந்த வேலைகள் அந்த மெஷினில் இருந்தன. அவை போயின. மூன்றாம் நாள் சதுரங்கள் திரும்பி வந்தன.

அதற்குப் பிறகுதான் கூட்டம். பிள்ளைக்கு 1,500 ரூபா வீதம் சேர்த்து நான்கு மெஷினுக்கும் புதுக் கார்ட் போடுவது என்று பேச்சு வந்தது. பின்வரிசையில் இருந்த ஓர் உம்மா எழுந்து, தனக்கு மூன்று பிள்ளைகள் இதே பாடசாலையில் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நாங்கள் அன்று இரண்டு கிழமை அவகாசம் கேட்டோம். கார்ட்தான் பிழை என்பதை யார் கண்டுபிடித்தார்கள், எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்ற கேள்விக்கு அந்தக் கூட்டத்தில் யாரிடமும் பதில் இருக்கவில்லை. எங்களிடமும்தான்.

நாம் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். கலாசாலையில் கணினியின் பாகங்களைப் படம் வரைந்து பெயர் குறித்திருக்கிறோம். ஒரு பெட்டியின் மூடியைக் கழற்றியதில்லை. அதே படத்தைத்தான் இன்று பிள்ளைகளுக்கும் வரையக் கொடுக்கிறோம். அதனால்தான் திரையில் ஒரு கோடு விழுந்ததும் டவுனுக்குக் கோல் எடுக்கிறோம். காய்ச்சல், தலையிடி, வயிற்றுக்குத்து எல்லாவற்றுக்கும் பனடோல் கொடுப்பது போல அங்கே எல்லாவற்றுக்கும் ஃபோர்மட் பண்ணுகிறார்கள்.

முதலில் செய்தது ஒரு சி.ஆர். கொப்பி வாங்கியதுதான். கொம்பியூட்டருக்குப் பக்கத்தில் கொப்பியைக் கட்டித் தொங்கவிட்டோம். கோளாறு வந்தால் யாரும் எதையும் தொடக்கூடாது. நேரம், என்ன திறந்திருந்தது, ஃபேன் ஓடியதா, கரண்ட் போய் வந்ததா என்று எழுத வேண்டும். “சும்மா சும்மா வருது” என்று பிள்ளைகள் சொன்னது இரண்டு கிழமையில் மாறிவிட்டது. குறித்துப் பார்க்காதவரைதான் அது சும்மா வருகிறது.

இரண்டாவது, ஸ்கிரீன்ஷொட். கோளாறு திரையில் நிற்கும்போதே ஸ்கிரீன்ஷொட் எடுக்க வேண்டும். அதே நேரம் போனாலும் ஒரு படம் எடுக்க வேண்டும். (போன் எங்களுடையது. பிள்ளைகள் போன் கொண்டுவந்தார்கள் என்று யாரும் அதிபருக்கு எழுதிவிடாதீர்கள்.) பிறகு ஸ்கிரீன்ஷொட்டை வேறொரு மெஷினில் திறந்து பார்க்க வேண்டும். மஞ்சளாகும் மெஷினில் இதைச் செய்தபோது ஒரு மாணவி கத்தினாள்: “சேர், இதுல மஞ்சள் ஒண்டும் இல்லயே!”

இல்லைதான். போன் படத்தில் மஞ்சள் இருக்கிறது, ஸ்கிரீன்ஷொட்டில் வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது. ஸ்கிரீன்ஷொட் என்பது கணினி தனக்குள் வரைந்து வைத்திருக்கிற படம். அது சுத்தமாக இருந்தால் பிழை பெரும்பாலும் அதற்கு வெளியே, வயரிலோ மொனிட்டரிலோ இருக்கிறது. நூற்றுக்கு நூறு தீர்ப்பு இல்லை, ஆனாலும் முதலில் எங்கே கை வைப்பது என்று சொல்லிவிடும். மொனிட்டரையும் வயரையும் பக்கத்து மெஷினோடு ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தோம். வயர் போன இடமெல்லாம் மஞ்சளும் போனது. மேசைக் காலுக்குக் கீழே எத்தனை வருடம் நசிந்து கிடந்ததோ தெரியாது.

விஜிஏ என்பது 1987இல் ஐபிஎம் கொண்டுவந்த ஒரு முறை. அதன் பிளக்கில் 15 ஊசிகள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனி ஊசிகளில் போகின்றன. நீலம் அறுந்தால் வெள்ளை மஞ்சளாகும். பச்சை அறுந்தால் எல்லாம் கருஞ்சிவப்பு கலந்த ஊதாவாகும். இதைப் பலகையில் எழுதி விளக்கியபோது, விஞ்ஞான பாடத்தில் படித்த ஒளியின் முதன்மை நிறங்கள் இவைதானே என்று பிள்ளைகளே கேட்டார்கள். எங்கள் ஊர்க் கடைகளில் கிராபிக்ஸ் கார்டையும் ‘விஜிஏ’ என்றுதான் சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் அந்த ஆள் சொன்னது ஒருவகையில் சரிதான்! விஜிஏதான் போயிருந்தது. கார்ட் இல்லை, வயர்.

சதுரங்கள் தெறித்த மெஷினில் ஸ்கிரீன்ஷொட்டிலும் சதுரம் இருந்தது. ஒருநாள் விண்டோஸ் வர முன்னமே, கம்பனியின் பெயர் தெரிகிற திரையிலும் இருந்தது. அப்படியென்றால் விண்டோஸில் பிழை இல்லை. ஃபோர்மட் பண்ணியது வீண். (இழந்த வேலைகளை நினைத்தால் இப்போதும் மனம் எரிகிறது.) அதிபரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு மூடியைக் கழற்றினோம். உள்ளே கிராபிக்ஸ் கார்ட் என்று ஒன்று இல்லவே இல்லை! மதர்போர்டில் இருக்கிற இணைப்பில்தான் மொனிட்டர் கொழுவியிருந்தது. இல்லாத கார்ட் பழுதாகிவிட்டது என்று சொல்லித்தான் காசு சேர்க்கப் போனோம்.

தனிக் கார்ட் இல்லாத மெஷின், திரைப் படத்துக்கும் சாதாரண ரேமையே பாவிக்கும். ரேம் பிழைத்தால் அது படத்திலும் தெரியலாம். இரண்டு ரேம் இருந்தன. கரண்டைக் கழற்றி, பவர் பட்டனை ஒரு தரம் அழுத்தி மிச்சக் கரண்டையும் போகவிட்டு, ஒன்றை மட்டும் வைத்து மூன்று நாள், மற்றதை மட்டும் வைத்து மூன்று நாள் ஓட்டினோம். முதலாவதில் ஒன்றும் வரவில்லை. இரண்டாவதில் முதல் நாளே சதுரம். அதன் தங்க நிறக் கால்களை மென்மையான அழிறப்பரால் துடைத்துப் பார்த்தோம். கடற்கரைக் காற்றில் அவை கறுத்துப் போவது வழமை. சரிவரவில்லை. மெம்டெஸ்ட்86 ஓடவிட்டால் வரிசையாகப் பிழை. அதை எடுத்து வைத்துவிட்டோம். அந்த மெஷின் இப்போது பாதி ரேமில் மெதுவாக ஓடுகிறது. ஓடுகிறது.

கறுப்புக் கட்டங்களுக்கு அதிக நேரம் போகவில்லை. டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். திரை துடிக்கும்போது அதுவும் சேர்ந்து துடித்தால் டிஸ்ப்ளே டிரைவரைச் சந்தேகிக்கலாம். அது அசையாமல் நின்றால் ஏதோ ஒரு செயலியைச் சந்தேகிக்கலாம். எங்களுடையதில் அது அசையவில்லை. பிரவுசரின் செட்டிங்ஸில் ஹார்ட்வெயார் எக்சலரேஷனை நிறுத்தினோம், கட்டங்கள் நின்றன. செலவு ஒரு சதமும் இல்லை. டிரைவர்தான் சிக்கல் என்று நினைத்தால் விண்டோஸ், கொன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கு விசைகளையும் ஒன்றாக அழுத்திப் பாருங்கள். திரை ஒரு கணம் இருண்டு டிரைவர் புதிதாகத் தொடங்கும். திறந்திருக்கிற வேலை எதுவும் அழியாது.

கொமென்டில் என்ன எழுதப்போகிறீர்கள் என்று தெரியும். “ஆசிரியர் வேலை படிப்பிப்பது, மெக்கானிக் வேலை பார்ப்பதல்ல.” “இன்வென்டரியில் இருக்கிற சாமானைத் திறந்து ஏதும் நடந்தால் யார் பொறுப்பு?” இரண்டாவது கேள்வி நியாயமானது. அதனால்தான் அதிபரின் எழுத்து அனுமதி, கழற்றியதை எழுதி வைத்த கொப்பி, பக்கத்தில் இன்னொரு ஆசிரியர். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் எவரும் திறக்க வேண்டாம். கரண்டைக் கழற்றிய பிறகும் அதற்குள் ஆளை அடிக்கிற அளவுக்கு மின் தங்கியிருக்கும். எல்லாவற்றையும் நாமே திருத்த வேண்டும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. நல்ல திருத்துபவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு உரிய கூலியைக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் என்ன பிழை என்று கேட்டு, எப்படித் தெரியும் என்றும் கேட்ட பிறகு.

முதல் கேள்விக்குத்தான் எங்களுக்குக் கோபம் வருகிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார், மற்றதையெல்லாம் அப்படியே வை என்பதை விஞ்ஞான பாடத்தில் வருடா வருடம் எழுதிக் கொடுக்கிறோம். அந்த நான்கு மெஷின்களுக்கு முன்னால்தான் பிள்ளைகள் அதை முதன்முதலாகச் செய்து பார்த்தார்கள். அது படிப்பிப்பது இல்லையென்றால் எது படிப்பிப்பது?

நான்காவது மெஷின் இன்னும் சரியாகவில்லை. ஐகன் கிழிவது ளுஹர் பாங்குக்குப் பிறகுதான் வருகிறது என்று கொப்பியைப் பார்த்துக் கண்டுபிடித்தவன் வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன். சூடு என்று ஊகித்து உள்ளே இருந்த தூசியை எடுத்தோம், சுவரோடு ஒட்டியிருந்த பெட்டியை ஒரு முழம் முன்னே இழுத்தோம். கிழமைக்கு நான்கு தரம் வந்தது இப்போது ஒரு தரம் வருகிறது. நேற்றைய பதிவு அந்தப் பையனின் கையெழுத்தில் இருக்கிறது: “12.50. இரண்டு ஐகன். ஃபேன் ஓடவில்லை, கரண்ட் இல்லாமல் போய் வந்தது.” கூட்டம் வரும் வியாழக்கிழமை. கொப்பியைக் கொண்டுபோகிறோம்.