கைக்கு எட்டாத சென்ஸார்

டாஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட ஆரஞ்சு விளக்கு எரிந்தால், கார் வைத்திருப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கட்சி கண்டுகொள்ளாது. கார்தான் ஓடுகிறதே! இன்னொரு கட்சி, ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்பேனர் பெட்டியோடு அடுக்குமாடிக் கட்டடத்தின் கார் நிறுத்துமிடத்துக்கு வந்துவிடும். இரண்டாவது கட்சி அடிக்கடி மல்லுக்கு நிற்பது ஆக்ஸிஜன் சென்ஸாரோடு. பார்வைக்கு ஸ்பார்க் பிளக்கின் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் பல கார்களில் அண்ணனைப் போல் சுலபமாகக் கைக்கு அகப்படாது.

என்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாயில், கேடலிடிக் கன்வர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று பெரும்பாலும் இரண்டு சென்ஸார்கள் இருக்கும். முன்னால் இருப்பதுதான் தொல்லை. பல முன்சக்கர டிரைவ் கார்களில் அது என்ஜினின் பின்பக்கம், டாஷ்போர்டுக்கு முன்னால் உள்ள தகட்டுச் சுவரை ஒட்டி ஒளிந்திருக்கும். வடிவமைத்தவர்களுக்கு மெக்கானிக் மேல் விரோதம் எதுவும் இல்லை. சென்ஸார் வேலை செய்யச் சுமார் 300 டிகிரி செல்ஷியஸ் சூடு வேண்டும். என்ஜினை ஒட்டி வைத்தால் சீக்கிரம் சூடாகும். அதற்குள்ளேயே ஒரு ஹீட்டரும் உண்டு. காற்றுக்கு நல்ல இடம், கைக்குக் கெட்ட இடம்.

புகையில் மிஞ்சிய ஆக்ஸிஜனை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்வது இதன் வேலை. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று (எடைக் கணக்கில்) என்ற விகிதத்தைக் கம்ப்யூட்டர் இதை வைத்துத்தான் காப்பாற்றுகிறது. 1976-ல் பாஷ் நிறுவனம் தயாரித்து வால்வோ கார்களில் முதலில் வந்த இந்தச் சாதனம், கார்புரேட்டர் போனபின் இந்தியாவிலும் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்த பிறகு சாதாரண மோட்டார் சைக்கிளிலும் இருக்கிறது. முன் சென்ஸார் கெட்டால் பெட்ரோல் கூடுதலாகப் பாயலாம். எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதையே பொசுக்கிவிடும். கன்வர்ட்டரின் விலையைக் கேட்டவர்கள் முதல் கட்சியிலிருந்து விலகிவிடுவார்கள்.

சரி, சென்ஸார்தான் குற்றவாளி என்பது நிச்சயமா? இங்கேதான் பலருக்குப் பணம் வீணாகிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே செருகும் மலிவான ஸ்கேனர் பி0135 என்று காட்டினால், முன் சென்ஸாரின் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு என்று அர்த்தம். சென்ஸார் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஃப்யூஸ் போயிருக்கலாம். வயரை எலி கடித்திருக்கலாம். நம் ஊர் கார் நிறுத்துமிடங்களில் எலிக்குப் பஞ்சமில்லை. பி0171 என்றால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பது புகார். வாக்குவம் குழாயில் ஒரு கீறல் இருந்தாலோ, சென்ஸாருக்கு முன்னால் புகைக்குழாய் கசிந்தாலோ இந்தப் புகார் வரும். அப்போது சென்ஸார் உண்மையைத்தான் சொல்கிறது. சொன்னவரையே மாற்றிவிடுகிறோம்! என்ஜின் சூடானபின் வழக்கமான முன் சென்ஸாரின் வோல்ட்டேஜ் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே ஊஞ்சல் ஆட வேண்டும். ஒரே இடத்தில் உட்கார்ந்துவிட்டால் சந்தேகப்படலாம். (புதிய கார்கள் சிலவற்றில் வேறு வகை சென்ஸார் இருப்பதால் இந்தக் கணக்கு பொருந்தாது.)

மாற்றுவது என்று முடிவானால், முதலில் புதிய சென்ஸாரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, கனெக்டரும் வயர் நீளமும் பழையதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். முந்தின நாள் இரவே மரையில் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுவது நல்லது. காலையில் என்ஜினைச் சில நிமிடம் ஓட்டி நிறுத்தி, குழாய் வெதுவெதுப்பாக இருக்கும்போது கையுறையோடு முயல வேண்டும். மேலே இருந்து கை போகாத காரில் கீழே இருந்து போகும். ஆனால் டயர் மாற்றத் தந்த ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுப்பது உயிரோடு விளையாடுவது. ஸ்டாண்டு வேண்டும், இல்லையேல் பள்ளம் உள்ள பட்டறைக்குப் போய்விடலாம்.

தலை 22 மி.மீ. பக்கவாட்டில் வெட்டு விட்ட சாக்கெட் இருந்தால் வயர் அதன் வழியே வெளியே வந்துவிடும். அது கிடைக்காதவர்கள் பழைய சென்ஸாரின் வயரை வெட்டிவிட்டு சாதாரண ரிங் ஸ்பேனரைப் போடுவதுண்டு. எப்படியும் குப்பைக்குப் போகிற பொருள்தானே. ஆனால் வெட்டியபின் திரும்பிப் போக வழியில்லை.

அசைந்தால் ஒரேயடியாகக் கழற்றக் கூடாது. கால் சுற்று தளர்த்தி, எண்ணெய் விட்டு, சற்று இறுக்கி, மறுபடி தளர்த்த வேண்டும். அசையவே இல்லை என்றால் ஸ்பேனரில் பைப்பை மாட்டித் தொங்குவது வீரமல்ல. குழாயில் உள்ள மரை போனால் குழாயையே மாற்ற நேரிடும். பட்டறையில் காஸ் சுடரால் சுட்டுக் கழற்றுவார்கள், மரை கெட்டிருந்தால் டேப் போட்டுச் சரி செய்வார்கள். அதுவரை செய்த வேலைக்குக் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

புதியதை முதலில் கையாலேயே முறுக்க வேண்டும். மரையில் பசை தடவி வந்திருந்தால் அது போதும். முனையில் பசையோ எண்ணெயோ படக் கூடாது. சிலிக்கான் சீலன்ட் பக்கத்திலேயே வரக் கூடாது, அது சென்ஸாருக்கு விஷம். வயரை வெட்டி ஈயப்பற்று வைத்து ஒட்டும் வேலையும் வேண்டாம். பல சென்ஸார்கள் ஒப்பிடத் தேவையான வெளிக்காற்றை வயர் வழியாகத்தான் இழுக்கின்றன. ஈயம் அந்த மூச்சை அடைத்துவிடும். கடைசியில் வயரைப் பழைய கிளிப்பிலேயே மாட்ட வேண்டும். தொங்கவிட்டால் சூடான குழாயில் பட்டு உருகிவிடும்.

ஸ்கேனரில் கோடை அழித்து என்ஜினை ஓட்டினால் சில நிமிடம் குழாயிலிருந்து புகை கிளம்பும். பயப்பட வேண்டியதில்லை, நேற்று இரவு அடித்த எண்ணெய் எரிகிறது. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.